ஆபாசச் சட்டம் இருக்கும்போது குழந்தைகளுக்கென அமெரிக்க மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியது ஏன்?

கேள்வி (சட்ட மாணவி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்து வருகிறேன். எது ஆபாசம் என்பதற்கான அளவுகோலை 1973ஆம் ஆண்டின் மில்லர் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. ஆபாசப் படைப்புகளுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்பதும் அதற்கு முன்பே முடிவானது. அப்படியிருக்க, குழந்தைகளைப் பாலியல் காட்சிகளில் பயன்படுத்துவதற்கு எதிராக 1970களின் பிற்பகுதியில் பல மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியது ஏன்? பழைய சட்டத்தில் தண்டனையைக் கூட்டியிருந்தால் போதாதா?

பதில் (வழக்கறிஞர்)

போதாது என்பதற்கு நியூயார்க் எதிர் ஃபெர்பர் வழக்கே சான்று. 16 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் காட்சிகளில் பயன்படுத்துவதற்கு எதிராக நியூயார்க் மாநிலம் 1977இல் இயற்றிய சட்டத்தில், விநியோகத்தைப் பற்றி இரண்டு பிரிவுகள் இருந்தன: ஒன்றில் படம் ஆபாசமானது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், மற்றொன்றில் அது தேவையில்லை. மன்ஹாட்டனில் கடை வைத்திருந்த ஃபெர்பர் என்பவர், வாடிக்கையாளர் போல வந்த காவலரிடம் சிறுவர்கள் இடம்பெற்ற இரண்டு படங்களை விற்றார். ஜூரி (நடுவர் குழு) அவரை முதல் பிரிவில் விடுவித்து, இரண்டாவது பிரிவில்தான் குற்றவாளி என்றது. ஆபாசம் என்ற ஒரே அளவுகோல் மட்டும் இருந்திருந்தால் அவர் தண்டனையின்றித் தப்பியிருப்பார்.

மாநிலத்தின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இரண்டாவது பிரிவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ 1982 ஜூலை 2 அன்று, நீதிபதிகளில் ஒருவரும் மாறுபடாமல், மாநிலத்தின் பக்கம் நின்றது. மில்லர் அளவுகோல் பார்ப்பவரை முன்னிறுத்துகிறது: சராசரி மனிதரின் காம இச்சையைத் தூண்டுகிறதா, அருவருப்பாக உள்ளதா, முழுமையாகப் பார்க்கையில் கலை மதிப்பு உண்டா என்றெல்லாம் கேட்கிறது. படத்துக்குக் கலை மதிப்பு இருப்பதால் அதில் பயன்படுத்தப்பட்ட குழந்தைக்கு நேர்ந்த கொடுமை சிறிதும் குறைவதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி இதுதான்.

பதில் (குழந்தைகள் நலப் பணியாளர்)

விநியோகத்தை ஏன் தடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எடுக்கப்பட்ட படம் கொடுமையின் நிலையான பதிவாகிவிடுகிறது; அது கைமாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழந்தை மீண்டும் காயப்படுகிறது. தயாரிப்பு மறைவில் நடப்பதால், சந்தையை அடைக்காமல் தயாரிப்பவரைப் பிடிப்பது அரிது என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்போது 47 மாநிலங்கள் தயாரிப்புக்கு எதிராகச் சட்டம் வைத்திருந்தும், ஆபாசம் என்று நிரூபிக்கத் தேவையின்றி விநியோகத்தைத் தடுத்தவை 20 மட்டுமே. அந்த இடைவெளியில் எத்தனை குழந்தைகள் கைவிடப்பட்டிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இத்தகைய படங்களை வீட்டில் வைத்திருந்தாலே குற்றமாகுமா? கணினியால் உருவாக்கப்படும் படங்களுக்கும் இதே நியாயம் பொருந்துமா?

பதில் (வழக்கறிஞர்)

வயது வந்தோர் பற்றிய ஆபாசப் படங்களைத் தம் வீட்டில் வெறுமனே வைத்திருப்பதைக் குற்றமாக்க முடியாது என்று 1969இல் ஸ்டான்லி எதிர் ஜார்ஜியா வழக்கில் தீர்ப்பாயிற்று. குழந்தைகள் இடம்பெற்ற படங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 1990இல் ஆஸ்பர்ன் எதிர் ஒஹையோ வழக்கில் நீதிமன்றம் தெளிவுபடுத்தி, அவற்றை வைத்திருப்பதையே ஒரு மாநிலம் தண்டிக்கலாம் என்றது.

இரண்டாவது கேள்வி கடினமானது. உண்மையான குழந்தை எவரும் இல்லாமல் உருவாக்கப்பட்ட படங்களைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டப் பிரிவை 2002இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. குழந்தைக்கு நேரும் கேடுதான் ஃபெர்பர் தீர்ப்பின் அடிப்படை என்பதால், அந்தக் கேடு இல்லாத இடத்துக்கு அதை நீட்ட நீதிமன்றம் மறுத்தது. ஆகவே அமெரிக்க நாடாளுமன்றம் 2003இல் இத்தகைய படங்களைத் தடுக்க ஆபாச அளவுகோலையும் நாடியது. ஆயினும் உண்மையான ஒரு குழந்தையின் முகத்தைப் பொருத்தி மாற்றியமைத்த படங்களைப் பற்றிய பிரிவு அந்த 2002 வழக்கில் எதிர்க்கப்படவே இல்லை. செயற்கை நுண்ணறிவால் உருவாகும் படங்களையும் உள்ளடக்கும் வகையில் கலிஃபோர்னியா 2024இல் தன் சட்டத்தைத் திருத்தியது. பிற மாநிலங்களும் திருத்தம் கொண்டுவரும்போது, அடையாளம் காணக்கூடிய குழந்தையின் முகம் இடம்பெறும் படங்களைத் தனிப் பிரிவாக வைப்பதே நீதிமன்றத்தில் உறுதியாக நிற்கும் என்பது என் கருத்து.