மூக்கோரம் கேன்சர் கட்டி எடுத்தாச்சு, இனி டேர்ம் பாலிசி கிடைக்குமா?

அம்பாரம்41

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு உப்பளத்தில் 16 வருடமாகக் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை என்றதும் நிழலில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அளத்தில் நிழல் ஏது? உப்பு வாருகிற ஆட்களோடு நின்று, அம்பாரம் அம்பாரமாகக் குறிக்க வேண்டும். மேலே ஒரு வெயில், கீழே உப்பிலிருந்து திருப்பி அடிக்கிற இன்னொரு வெயில்.

மூக்கின் இடது பக்கம், கண்ணாடி உட்காருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மிளகளவு கறுப்பாக ஒன்று இருந்தது. மச்சம் என்றே இருந்துவிட்டேன். ஷேவ் செய்கிறவர்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, இது போன மாசத்துக்கு இப்ப பெருசா இருக்கு. கத்தி படாமலே ரத்தம் கசியுது, ஒரு தடவ காட்டிருங்க." அப்போதும் மூன்று மாதம் தள்ளிப்போட்டு, பிறகுதான் திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் போனேன். பயாப்சியில், அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் சோதித்ததில், பேசல் செல் கார்சினோமா என்ற ஒரு வகைத் தோல் கேன்சர் என்று வந்தது. இது உடம்பில் பரவுவது ரொம்ப அபூர்வம், ஆனால் விட்டால் மூக்கையே அரித்துவிடும் என்றார். வெட்டி எடுத்துத் தையல் போட்டு அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். 14 மாதம் ஆகிறது, ஒன்றும் திரும்பி வரவில்லை.

இப்போது பிரச்சினை வேறு. வயது 41. வீட்டுக் கடன் 11 லட்சம் பாக்கி, இரண்டு பெண் பிள்ளைகள். மாதம் 23,000 சம்பளம். 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் நான் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருகிற பாலிசி) போடலாம் என்று இணையத்தில் ஒரு கம்பெனியின் படிவத்தைத் திறந்தேன். "கேன்சர் இருந்ததா" என்ற கேள்விக்கு ஆம் என்று தட்டினேன். அடுத்த பக்கமே வரவில்லை, "தற்போது வழங்க இயலாது" என்று முடிந்துபோனது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "அது கட்டிதானே, மச்சம் எடுத்தேன்னு நெனச்சுக்கோங்க. இல்லைன்னு போட்டுருவோம். மூணு வருஷம் தாண்டிட்டா எவனும் கேக்க முடியாது" என்கிறார். மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. என்ன செய்யலாம்?

பழையடிஓ_நெல்லை

தம்பி, 31 வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெவலப்மென்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அந்த மூன்று வருடக் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் குடும்பத்தைக் கெடுக்கும்.

1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தில் 45ஆவது பிரிவு. 2015இல் திருத்திய பிறகு, மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. ஏஜென்ட் சொல்வது அதுதான். அவர் சொல்லாமல் விட்டது இது: அந்த மூன்று வருடம் பாலிசி கொடுத்த நாளிலிருந்து மட்டும் ஓடுவதில்லை. நடுவில் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகி மறுபடி புதுப்பித்தால், புதுப்பித்த நாளிலிருந்து திரும்ப ஒன்று, இரண்டு, மூன்று. மழை வந்தால் அளத்தில் வேலை நிற்கும், கை முடையாகும், ஒரு தவணை தவறும். புரிகிறதா? அந்த மூன்று வருடத்துக்குள் மாரடைப்பிலேயே போனால்கூட உங்கள் பழைய ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடிக்கொண்டு ஆள் வருவான். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள், உங்கள் வீட்டம்மாதான் இருப்பார்.

அடுத்து உங்கள் நோய். பாலிசி கொடுக்கலாமா என்று கம்பெனியில் முடிவு செய்கிற அண்டர்ரைட்டருக்குக் கேன்சர் என்பது ஒரே நோய் இல்லை. தோல் கேன்சரிலேயே பல வகை. பேசல் செல் என்றால் ஒரு பார்வை, ஸ்குவாமஸ் என்றால் இன்னொரு பார்வை, மெலனோமா என்றால் நாற்காலியை முன்னால் இழுத்து உட்காருவார். உங்களுக்கு வந்தது இருப்பதிலேயே சாது. முழுக்க எடுத்துவிட்டார்கள் என்று காகிதம் சொன்னால் சாதாரணப் பிரீமியத்திலேயே கொடுக்க வாய்ப்பு நிறைய. ஆனால் அந்தக் காகிதம் வேண்டும். பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது, ஆபரேஷனில் எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் தனி. அதில் ஓரங்களில் கட்டி இல்லை என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் உங்கள் பாலிசி. டாக்டரிடம் போய், இப்போது பார்த்தேன், திரும்பி வரவில்லை என்று தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

இணையத்தில் பத்துக் கம்பெனியில் தட்டிப் பார்க்காதீர்கள். வேறு எங்காவது மறுத்தார்களா, தள்ளிவைத்தார்களா என்று படிவத்திலேயே ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு மறுப்பும் அடுத்த படிவத்தில் ஏறும். இயந்திரம் 'கேன்சர்' என்ற சொல்லைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறது, மனுஷன் படித்தால்தான் வகை தெரியும். கிளைக்கு நேரில் போய்க் கொடுங்கள். உங்கள் சம்பளத்துக்கு 50 கிடைப்பது சிரமம், 30 கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த கணக்கில் 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தால் அது பழைய தாள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை.

இரண்டு கேள்வி. அளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்களா? வீட்டுக் கடன் வாங்கியது எப்போது?

சிவகாசிபட்டாசு

எல்லாரும் இல்லைன்னு போட்டுத்தான் எடுக்கிறார்கள். என் மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழையடிஓ_நெல்லை

உங்கள் மச்சான் உயிரோடு இருக்கிறார் இல்லையா? அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

மஞ்சள்மண்டி

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஈரோடு. அப்பாவுக்கு ஸ்கின் கேன்சர் இல்லை, சர்க்கரையும் ஒரு முறை ஆஞ்சியோவும்தான். ஏஜென்ட் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் ஃபார்மை நிரப்பினார். அப்பா இரண்டு தடவை ஆஞ்சியோ என்று சொன்னார், நான் டீ கொண்டுவந்தபோது என் காதால் கேட்டேன். அவர் "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்றார்.

20 மாதத்தில் அப்பா போய்விட்டார். கம்பெனி அனுப்பிய காகிதக் கட்டுக்குள் அந்த ஃபார்மின் நகல் இருந்தது. இருபது கேள்விக்கும் 'இல்லை' என்ற பக்கத்தில் மேலிருந்து கீழே நீல மையில் ஒரே கோடு. தனித்தனி டிக் கூட இல்லை. கேள்வி முழுக்க ஆங்கிலம், அடியில் அப்பாவின் தமிழ்க் கையெழுத்து. விண்ணப்பதாரருக்கு அவர் மொழியில் படித்து விளக்கினேன் என்று ஒரு உறுதிமொழி, அதன் கீழே ஏஜென்டின் கையெழுத்து.

க்ளைம் நிராகரிப்பு. சென்னையில், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஆம்பட்ஸ்மனிடம் போனோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் கோடு கோடுதான். கட்டிய பிரீமியம் திரும்ப வந்தது, அவ்வளவே. அண்ணா, ஃபார்மை நீங்களே உங்கள் கையால் நிரப்புங்கள். பாலிசி வந்ததும் கூட வரும் நகலில் உங்கள் பதில்கள் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாதிரி இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இடதுபாதம்

நானும் இந்தக் கூட்டாளிதான், ஆனால் கொஞ்சம் முரட்டு வகை. இடது உள்ளங்காலில் மெலனோமா. நம் மாதிரிக் கறுத்த தோல்காரர்களுக்கு அது வெயில் படாத இடத்தில்தான் அதிகம் வருமாம், உள்ளங்கால், நகத்தடி. பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது இதுதான். ஆணிக்கால் என்று நினைத்து நானே பிளேடால் சீவிக்கொண்டிருந்தேன், மடத்தனம்.

ஆழம் 0.8 மில்லிமீட்டர். எனக்கு முதலில் மறுப்பு இல்லை, 'தள்ளிவைப்பு' என்று கடிதம் வந்தது, சிகிச்சை முடிந்து மூன்று வருடம் கழித்து வரச் சொல்லி. இரண்டும் வேறு வேறு என்பது அப்போதுதான் தெரியும். கழித்துப் போனபோது கொடுத்தார்கள், ஆயிரம் ரூபாய் காப்புக்கு வருடம் 5 ரூபாய் கூடுதலாக, முதல் ஐந்து வருடத்துக்கு. 20 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் வருடம் 10,000 ரூபாய். கசக்கத்தான் செய்தது, கட்டுகிறேன்.

அந்த இடைக்காலத்தில் என்னிடம் இருந்தது வங்கியில் போடுகிற பிரதமர் ஜீவன் ஜோதி மட்டும்தான். வருடம் 436 ரூபாய், 2 லட்சம். 18 முதல் 50 வயது வரை சேரலாம், மெடிக்கல் டெஸ்ட் இல்லை. சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு எப்படிப் போனாலும் பணம் வராது, அப்புறம் வரும். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வருடம் கோட்டை விட்டேன்.

அம்பாரம்41

எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி கேட்டதற்குப் பதில். பிஎஃப் பிடிக்கிறார்கள், 15,000 ரூபாய்க்கு. அதிலேயே இடிஎல்ஐ என்று ஒரு காப்பு இருக்கிறது, வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை வரும் என்று அளத்து ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 16 வருடமாக மற்றவர்களுக்குப் பிஎஃப் கணக்கு எழுதுகிறவன் நான். நாமினி இடத்தில் பார்த்தால் இன்னும் என் அம்மா பெயர். அம்மா போய் ஆறு வருடம். நேற்றுத்தான் மனைவி பெயரை ஏற்றினேன்.

வீட்டுக் கடன் வாங்கியது கட்டி தெரிவதற்கு இரண்டு வருடம் முன்னால். வங்கிக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், கடனோடு சேர்த்து, நான் போனால் கடனை அடைக்கிற ஒரு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்கள், அதற்கான பணத்தையும் கடனிலேயே சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த உடல்நல உறுதிமொழி அன்றைய நிலைக்கு உண்மைதான். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மனைவியிடம் கொடுத்தாச்சு.

சதைச் சோதனை ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில் கிடைக்க இரண்டு நடை ஆனது. அண்ணாச்சி சொன்ன அந்த ஓர வரி இருக்கிறது. 30 லட்சத்துக்கு கிளையில் நேரில் எழுதிக் கொடுத்தேன். ஆம் என்று போட்டு, பக்கத்தில் நோயின் பெயர், தேதி, அந்த இணைய மறுப்பு எல்லாம் என் கையெழுத்திலேயே. கவுண்டரில் இருந்த அம்மா ஒரு முறை என் மூக்கைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இன்று பதில் கடிதம் வந்திருக்கிறது. சாதாரணப் பிரீமியத்திலேயே தருகிறார்களாம், தீவிர நோய் ரைடர், அதாவது பெரிய நோய் வந்தால் பணம் தருகிற கூடுதல் காப்பு, மட்டும் தர மாட்டார்களாம். சம்மதம் கேட்டிருக்கிறார்கள். நாளைக் காலை அளத்துக்குப் போகிற வழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பழையடிஓ_நெல்லை

கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. தலைக்கு அகலத் தொப்பி ஒன்றும் வாங்குங்கள், வெறும் துண்டு போதாது.