எண்ணூரில் லைசன்ஸ் இல்லாமல் வாடகைப் படகு: விடலாமா, கூடாதா?

கொருக்குப்பேட்டை குமரன்:

ஸ்பெயின் கடற்கரை ஊர்களில் லைசன்ஸ் எதுவும் இல்லாதவருக்கும் சின்ன மோட்டார் படகை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கூட ஆள் வருவதில்லை, நாமே ஓட்டிக்கொண்டு போய் வரலாம். படகு 5 மீட்டருக்குள், இன்ஜின் 15 எச்பிக்குள் இருக்க வேண்டும். பகலில் மட்டும்தான். 2 கடல் மைலுக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. கிரீஸில் 30 எச்பி வரைக்கும் விடுகிறார்கள். என் சித்தப்பா மகன் வலென்சியாவில் வேலை பார்க்கிறான், குடும்பத்தோடு இப்படி ஒரு படகை எடுத்துக்கொண்டு போய் வந்திருக்கிறான்.

இதை ஏன் நம் எண்ணூரில் செய்யக் கூடாது? கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும், பிள்ளைகளைப் படகில் ஏற்ற வேண்டுமென்றால் ஊரைக் கடந்து முட்டுக்காடு வரை போக வேண்டியிருக்கிறது. இங்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அவ்வளவு பெரிய கழிமுகம் சும்மா கிடக்கிறது. சுற்றிலும் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். அந்தப் பிள்ளைகளிடம் ஃபைபர் படகு இருக்கிறது, பிழைப்புதான் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுநீரும் ஆற்றைப் பாதி தின்றுவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் மிச்சத்தையும் கெடுத்தது. மணிக்கு இவ்வளவு என்று படகை வாடகைக்கு விட்டால் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வருமானம் வரும். அரசு அனுமதி கொடுக்க வேண்டும் என்று மனு எழுதப் போகிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நெட்டுக்குப்பம் செல்வி:

குமரன் அண்ணா, எங்கள் பிழைப்பை நினைத்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் இது வேண்டாம்.

பாலத்தில் நின்று பார்த்தால் முகத்துவாரம் அமைதியாகத்தான் தெரியும். ஓதம் ஏறும்போது கடல் உள்ளே வரும். இறங்கும்போது அவ்வளவு தண்ணீரும் அந்தச் சின்ன வாய் வழியாக வெளியே இழுத்துக்கொண்டு ஓடும். மணல் திட்டு ஓரிடத்தில் நிற்காது. போன மாதம் ஆள் ஆழம் இருந்த இடத்தில் இந்த மாதம் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். இன்ஜின் விசிறி மணலில் இடித்து நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்பிய படகைக் கவிழ்க்க ஒரே ஓர் அலை போதும்.

என் அப்பா அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். எழுந்து நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். அலை உடையாத ஓர் இடைவெளி வரும் வரை இன்ஜினைத் தணித்து வைத்துக் காத்திருப்பார். படகின் முன்முனையில் இருக்கும் சித்தப்பா திட்டு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுவார். அப்புறம்தான் முடுக்குவார். வாடகைக்கு வருகிறவருக்குப் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? உங்கள் தம்பி போன மத்தியதரைக் கடலில் ஓதம் மிகக் குறைவு. இங்கே ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது.

கொருக்குப்பேட்டை குமரன்:

தங்கச்சி, முகத்துவாரத்தைத் தாண்டிப் போகச் சொல்லவில்லை. ரயில் பாலத்துக்கு மேற்கே, ஆற்றுக்குள்ளேயே ஓட்டட்டும். எல்லையைக் கயிறும் மிதவையும் கட்டிக் காட்டலாம்.

தண்டையார்பேட்டை ரவி:

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கான புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆற்றிலும் கழிமுகத்திலும் இன்ஜின் வைத்த படகு ஓட வேண்டுமென்றால் படகுக்கு ஆய்வு, பதிவு, காப்பீடு, ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும். இன்ஜின் இல்லாத படகுகளுக்கு அதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது, நடைமுறையும் எளிது. ஆக, ஸ்பெயினில் இருக்கும் விலக்கு இங்கே இல்லை. ஒரு மனுவில் அது வந்துவிடாது.

கடல் என்றால் இன்னும் சிக்கல். நம் ஃபைபர் படகுகள் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறவை. அந்த உரிமம் மீன் பிடிக்க மட்டும், சுற்றுலாவுக்கு ஆள் ஏற்ற இல்லை. அதோடு சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகம் ஒரே கரையில் இருக்கின்றன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்கே பயோமெட்ரிக் அட்டை கொடுத்துச் சோதிக்கிறார்கள். பழக்கமில்லாத ஆள் தனியாகப் படகோட்டிக்கொண்டு கப்பல் வரும் பாதையில் நின்றால் அவருக்கும் ஆபத்து, கப்பலுக்கும் ஆபத்து.

மணலி நிலா:

நான் குமரன் அண்ணன் பக்கம். செல்வி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் லைசன்ஸ் என்ற காகிதத்தில் இத்தனை நம்பிக்கை வைக்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது கேரளச் சுற்றுலாக் கழகத்தின் படகு. 45 பேர் போனார்கள். அது அரசுப் படகு, ஓட்டியவரும் அங்கே வேலை பார்த்தவர். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அது குத்தகைக்கு விட்டு நடத்திய படகுத்துறை. இரண்டுமே திருட்டுத்தனமாக ஓட்டிய படகு இல்லை.

அதே நேரம் 2015 வெள்ளத்தில் நம் மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து சென்னையின் தெருக்களில் ஆட்களை மீட்டார்கள். உயிர்களைக் காப்பாற்றிய அந்தக் கைகளிடம் யார் சான்றிதழ் கேட்டார்கள்?

காசிமேடு ஆறுமுகம்:

நிலா, அந்தக் கைகள் படகைப் பிடித்திருந்தால் நானும் சண்டைக்கு வர மாட்டேன். குமரன் தம்பி கேட்பது அது இல்லையே. வருகிறவர் கையில் படகைக் கொடுக்கச் சொல்கிறார்.

எனக்குப் பயம் கரையைப் பார்த்துத்தான். ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரைக்கும் பாருங்கள். மணல் எங்கே இருக்கிறது? துறைமுகம் கட்டிய நாளிலிருந்து தெற்கே மெரினா பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நம் கரையை அலை அரித்துக்கொண்டே போனது. அதைத் தடுக்கப் பாறாங்கல்லைக் கொட்டினார்கள், நடு நடுவே கடலுக்குள் நீட்டிய கல் கட்டும் போட்டார்கள். இன்ஜின் நின்றுபோன படகு வேறு ஊரில் மணலில் போய் ஒதுங்கும். இங்கே அலை அதைத் தூக்கிக் கல்லில் போடும். நீச்சல் தெரிந்தவனும் அந்தப் பாசி பிடித்த கல்லில் கால் ஊன்ற முடியாது. எங்கள் ஆட்கள் இன்ஜின் இழுக்காவிட்டால் முதலில் நங்கூரம் போடுவார்கள், அப்புறம்தான் கயிறைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்ப்பார்கள். தெரியாதவர் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார், படகு கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

பழவேற்காட்டை யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகு. அளவுக்கு மேல் ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. 22 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் ஒரே சொந்தபந்தம். நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. அந்த வீடுகளில் கிறிஸ்துமஸ் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மணலி நிலா:

அண்ணே, அதே பழவேற்காட்டைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். சவாரி நின்றதா? திருட்டுத்தனமாக ஏற்றுகிறார்கள் என்று திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. கேட்கிற ஆளும் இருக்கிறார், படகும் இருக்கிறது, வழி மட்டும் மூடிக்கிடக்கிறது. அப்போது எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ண யாரும் இருப்பதில்லை. ஜாக்கெட் போட்டால் போலீஸ் கண்ணில் படும் என்று அதையும் போடமாட்டார்கள். தடையால் ஆபத்து கூடிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

பழைய வண்ணாரப்பேட்டை ஜான்:

இதில் என் கேள்வியும் இருக்கிறது. எங்கள் மாமா வீட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அஸ்தி கரைக்க வேண்டும், கொஞ்சம் உள்ளே கூட்டிப் போங்கள் என்று ஜனங்கள் வந்து நிற்கிறார்கள். கல்யாண போட்டோவுக்கும் கேட்கிறார்கள். துக்க வீட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. ஓட்டுவது மாமாதான். இது தப்பா?

தண்டையார்பேட்டை ரவி:

ஜான், தப்பு என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை, ஆனால் படகின் உரிமம் அதற்கு இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் மாமாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மீன்பிடிக்கு என்று காப்பீடு செய்த படகில் பயணி இருந்தால் நஷ்ட ஈடு கேட்டு நிற்பதும் கடினம். 2023 மே 7ஆம் தேதி மலப்புரம் தானூரில் கவிழ்ந்த படகு முதலில் மீன்பிடிப் படகு. அதைத்தான் உல்லாசப் படகாக மாற்றி, இருட்டிய நேரத்தில் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கேயும் 22 பேர். மீன்பிடிப் படகில் எடை கீழே வலையாகவும் ஐஸாகவும் இருக்கும். ஆட்களை ஏற்றினால் எடை மேலே வந்துவிடுகிறது, எல்லாரும் ஒரு பக்கம் போட்டோ எடுக்க எழுந்தால் தீர்ந்தது. தேக்கடியில் நடந்ததும் அதுதான். விலங்கைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தார்கள்.

அஸ்தி கரைக்கக் கூட்டிப் போகும் படகுகளுக்கு என்று தனி அனுமதி, ஆள் கணக்கு, கட்டாய ஜாக்கெட் என்று ஓர் ஏற்பாடு வந்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். அது நம் ஜனங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற படகு.

கொருக்குப்பேட்டை குமரன்:

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் கேட்பது கட்டுப்பாடே இல்லாத படகு இல்லை. என் தம்பியிடம் வீடியோ அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். படகைக் கொடுக்கும் முன் ஒருவர் ஏறி எல்லாவற்றையும் காட்டுகிறார். சுருட்டிய சிவப்புக் கயிறு ஒன்று. ஒரு முனை இன்ஜினில், மறு முனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் உடனே நின்றுவிடும், விசிறி அவரை வெட்டாது. குழந்தைகளுக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கிறார்கள். காதுக்கு மேல் ஏறிவந்தால் அளவு சரியில்லை என்று வேறு மாற்றுகிறார்கள். காற்று கூடினால் அன்றைக்கு வாடகையே கிடையாது. லைசன்ஸ் கேட்காததற்குப் பதிலாக இத்தனையும் செய்கிறார்கள். நம் ஊர்ச் சவாரிகளில் இதில் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?

நெட்டுக்குப்பம் செல்வி:

அண்ணா, இப்போது நீங்கள் சொன்னதைத்தான் கேட்க விரும்பினேன். அந்தச் சிவப்புக் கயிறு எங்கள் ஊர்ப் படகுகளிலும் வர வேண்டும். இரவில் தனியாக வலை விடப் போகிறவர்களுக்கு அது உயிர்.

ஆனால் ரயில் பாலத்துக்கு மேற்கே என்று சொன்னீர்களே, அந்த ஆற்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சாம்பல் படிந்து பல இடத்தில் படகு தரை தட்டுகிறது. எண்ணெய் வந்தபோது எங்கள் ஆட்கள் குவளையால் மொண்டு மொண்டு எடுத்தார்கள், கையெல்லாம் எரிந்தது. இன்னும் நாங்கள் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிறோம். வேகமாக ஓட்டத் தெரியாதவர் பத்து பேர் மோட்டார் படகோடு அதற்குள் வந்தால் தண்ணீரில் நிற்கும் பெண்கள் எங்கே ஒதுங்குவது? யாருக்கு வருமானம் என்று பேசும்போது, யார் அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே நிற்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

மணலி நிலா:

செல்வி, இது நான் யோசிக்காத பக்கம். அப்படியானால் மோட்டார் இல்லாத படகு? துடுப்போ பெடலோ. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் யாரும் லைசன்ஸ் கேட்காமல் பெடல் படகு கொடுக்கிறார்கள். ரெட்டேரி போல அலையில்லாத ஏரியில் விட்டால் இறால் பிடிக்கிறவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

காசிமேடு ஆறுமுகம்:

அதற்குச் சரி. ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது, கரையில் நீச்சல் தெரிந்த ஆளோடு ஒரு மீட்புப் படகு எந்நேரமும் நிற்க வேண்டும். வடோதராவும் அலையில்லாத ஏரிதான், மறக்க வேண்டாம். அந்த மீட்புப் படகு வேலையைக் குப்பத்துப் பையன்களுக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். கழிமுகத்தில் சவாரி வேண்டுமென்றால் எங்கள் ஆள் சுக்கான் பிடிக்கட்டும், அதற்கான சான்றிதழை அரசு அவனுக்குப் பயிற்சி கொடுத்து வழங்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் வாய்மொழியாகத் தேர்வு வைக்கட்டும்.

இன்னொன்று, கடலில் ஏதாவது ஆனால் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இரண்டையும் எல்லாரும் போனில் பதிந்து வையுங்கள்.

கொருக்குப்பேட்டை குமரன்:

ஏரியில் துடுப்புப் படகு, கழிமுகத்தில் மீனவர் ஓட்டும் படகு, அஸ்திப் படகுக்குத் தனி அனுமதி. மூன்றையும் மனுவில் எழுதுகிறேன். ஆனால் நாமே ஓட்டும் சின்ன மோட்டாரை நான் விடப்போவதில்லை. பிரான்சில் 6 எச்பி வரை லைசன்ஸ் கேட்பதில்லை. அந்த அளவு இன்ஜினை, வேலி கட்டிய ஏரி நீரில், கயிறும் ஜாக்கெட்டும் போட்டு ஓட்டுவதில் தவறில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். சட்டம் தடுக்கிறதென்றால் சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்போம்.

தண்டையார்பேட்டை ரவி:

அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. ஏரியில் 6 எச்பி என்று தொடங்கும், இரண்டு வருடத்தில் கழிமுகத்தில் 15 எச்பி நிற்கும்.

நெட்டுக்குப்பம் செல்வி:

நானும் மோட்டாருக்குப் போட மாட்டேன். மற்ற மூன்றுக்கும் எங்கள் ஊர் பெண்களிடம் கேட்டுச் சொல்கிறேன். மனுவை எழுதும் முன் ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்துக்கு வாருங்கள். ஓதம் இறங்கும் நேரத்தை அப்பாவிடம் கேட்டு இங்கே போடுகிறேன். படகில் ஏற்ற மாட்டோம், கரையில் நின்று பாருங்கள்.

கொருக்குப்பேட்டை குமரன்:

கண்டிப்பாக வருகிறேன், வீட்டிலும் கூட்டி வருகிறேன். மோட்டார் கோரிக்கையைத் தனித்தாளில் எழுதுகிறேன். விருப்பமுள்ளவர்கள் மட்டும் அதில் கையெழுத்துப் போடட்டும்.