செண்டை அடித்தால் லேப்டாப் சுருதி நடுங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். களியக்காவிளைப் பக்கம் கோவில் திருவிழாக்களில் வாசிக்கிறேன். பழைய திங்க்பேட் லேப்டாப்பை மடியில் வைத்து, இடப்பக்கம் சாய்த்தால் சுருதி இறங்கும், வலப்பக்கம் சாய்த்தால் ஏறும், அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் அசைவு சென்சார், கீழே விழும்போது ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாற்ற ஐபிஎம் 2003-ல் கொண்டுவந்தது. 2005-ல் ஆப்பிளும் இதே வேலைக்கு ஒன்று வைத்தது. லினக்ஸில் அந்தச் சென்சாரைப் படிக்கும் ஹெச்டேப்ஸ் டிரைவர் தரும் எண்களை, பியூர் டேட்டா என்ற இசை மென்பொருளில் மிடி பிட்ச் பெண்டாக, அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் எண்ணாக (0 முதல் 16383, நடு 8192) மாற்றுகிறேன். வீட்டில் கமகம் மாதிரியே வழுக்கிப் போகிறது, கேட்கவே அவ்வளவு சந்தோஷம்.

மேடையில் பக்கத்தில் செண்டை அடிக்கும் சிங்காரி மேளம் தொடங்கியதும், நான் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அந்த அதிர்வையெல்லாம் சென்சார் பிடித்துக்கொண்டு சுருதி தள்ளாடுகிறது. டிரைவர் நொடிக்கு 20 முறைதான் படிக்கிறது, அதில் 8 எண்களின் சராசரி எடுத்தால் நடுக்கம் அடங்கும், ஆனால் கை சாய்த்துக் கால் நொடி கழித்துத்தான் சுருதி நகர்கிறது, பாடுபவர் தடுமாறிவிடுகிறார்.

சராசரிக்குப் பதில் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? டிரைவரை மாற்றி இன்னும் வேகமாகப் படிக்க வைத்தவர்கள்? அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்தால் போதுமா? அடுத்த வாரமே திருவிழா, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.