விளக்குப் பொறியில் விழும் பூச்சிகள்: வண்டா, நாவாய்ப்பூச்சியா, ஈயா? பிரித்தறிய உதவி தேவை

கேள்வி:
நெல் வயலில் விளக்குப் பொறி, தட்டில் சோப்புத் தண்ணீர். காலையில் வடிகட்டிப் பிரிக்கும்போது குழப்பம். முதுகு கெட்டியாக இருப்பதெல்லாம் வண்டுதானா? தேனீ மாதிரி மஞ்சள் வரி போட்டவற்றில் சிலதுக்கு இரண்டு இறக்கைதான் தெரிகிறது. இறக்கை உதிர்ந்த ஈசலையும் எறும்பையும் எப்படிப் பிரிப்பது? 10 மடங்கு லென்ஸ் இருக்கிறது.

பதில் 1:
நிறத்தை நம்பாதீங்க. இறக்கை, வாய், இடுப்பு பாருங்க.

முன் இறக்கைகள் முதுகின் நடுவே நேர்கோடாகச் சேர்ந்தால் வண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடிப்பாதி தோலாகவும் நுனிப்பாதி கண்ணாடியாகவும் இருந்தால் நாவாய்ப்பூச்சி. சந்தேகமா, மல்லாக்கப் புரட்டுங்க: நாவாய்ப்பூச்சிக்கு ஊசி மூக்கு வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும். கூன்வண்டு இங்கே ஏமாற்றும். அதுக்கும் நீள மூக்கு உண்டு, ஆனால் நுனியில் தாடை இருக்கும், உணர்கொம்பும் மூக்கிலிருந்தே கிளம்பும்.

மஞ்சள் வரிக்காரனின் முன் இறக்கையை ஊசியால் முன்பக்கம் இழுங்க. தேனீயின் பின் இறக்கை நுண்ணிய கொக்கிகளால் முன்னதோடு மாட்டியிருப்பதால் ஒன்றுபோலத் தெரியும். இழுத்தும் ஒரு ஜோடிதான், பின்னால் குண்டூசித் தலை போன்ற இரண்டு குமிழ்கள் என்றால் அது ஈ. பெரும்பாலும் சிர்பிட் ஈ. அதன் புழு செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்னும், நல்ல பூச்சி.

ஈசலுக்கு இடுப்புக் குறுகாது, உணர்கொம்பு மணிமாலை போல வளையாமல் இருக்கும், இறக்கை விழுந்த இடத்தில் நான்கு சிறு முக்கோண அடித்துண்டுகள் மிஞ்சும். எறும்புக்கு ஒடுங்கிய இடுப்பு, முழங்கை போல மடிந்த உணர்கொம்பு.

பதில் 2:
அந்துப்பூச்சிகளை முதலில் எடுத்து உலர வையுங்க. தண்ணீரில் ஊறினால் செதில் கழன்றுவிடும். மற்றவை 70% ஆல்கஹாலில்.

வயிறு வெளியே தெரியும் குட்டை இறக்கை வண்டு (ஆரஞ்சு மார்பு, நீல இறக்கை) இருந்தால் கையால் நசுக்காதீங்க. அதன் நீர் பட்டால் தோல் கொப்புளிக்கும். வால் நுனியில் இடுக்கி இருந்தால் அது வண்டல்ல, இடுக்கிவால் பூச்சி.

கேள்வியாளர்:
நன்றிங்க. 3, 4 மி.மீ. நீளத்தில் பழுப்பாக, இறக்கையைக் கூரை போல வைத்தது நிறைய. நெல்லின் சாறு உறிஞ்சும் புகையானா, தத்துப்பூச்சியா?

பதில் 1:
பின்காலின் நீண்ட கணுவின் (தொடைக்கு அடுத்த துண்டின்) நுனியில் அசையும் ஒரு பெரிய முள் இருந்தால் புகையான் வகை. கணு நெடுக முள்வரிசை என்றால் தத்துப்பூச்சி. கூடவே மெலிந்த பச்சை நாவாய்ப்பூச்சி, தலையும் தோளும் கறுத்தது விழுந்திருந்தால் தனியாக எண்ணுங்க: அது புகையான் முட்டையை உறிஞ்சும் மிரிட். பொறிக்கு வருவது நீள இறக்கைப் புகையான் மட்டுமே. குட்டை இறக்கையது பறக்காது. அதனால் நெல் தூரின் அடியையும் விலக்கிப் பாருங்க.