பெங்களூர் ஹிந்தி எஃப்எம் ஒன்று மாறப்போகிறதாம்: அடுத்து எந்த மொழி?

உல்சூர்க்காரன்:
நான்கு நாளாகக் கவனிக்கிறேன். ஊரில் ஓடும் ஹிந்தி எஃப்எம்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம், கேட்கிறவர்களுக்குத் தெரியும்) காலை ஏழு மணி நிகழ்ச்சியில் ஆளே பேசுவதில்லை. சில்க் போர்டு ஜங்ஷனில் வண்டி நகரவில்லை என்று தினமும் சிரித்துக்கொண்டே சொல்லும் அந்தப் பெண் காணோம், பாட்டு, ஸ்டேஷன் பெயர், மறுபடி பாட்டு, அவ்வளவுதான். என் ஜெராக்ஸ் கடையில் காலை முதல் ராத்திரி வரை ரேடியோ ஓடும் என்பதால் இது எனக்கு உடனே உறைத்தது. கன்னடத்துக்கு மாறுகிறது என்கிறார் ஒருவர், இல்லை தெலுங்கு என்கிறார் இன்னொருவர். எனக்கு ஒரே ஒரு கேள்வி. 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரில் கன்னடத்துக்கு அடுத்து அதிகம் பேர் தாய்மொழி என்று சொன்னது தமிழ். அதற்கப்புறம் தெலுங்கு, உருது, அதற்கும் கீழேதான் ஹிந்தி. ஹிந்திக்கு முழுநேர ஸ்டேஷன் இருக்கும்போது தமிழுக்கு ராத்திரி இரண்டு மணி நேரமாவது கிடைக்கக் கூடாதா?

பத்து செகண்ட்:
அண்ணே, ஆறு வருஷம் இதே ஊரில் ரேடியோ ஸ்பாட், அதாவது விளம்பர நேரம், விற்றவன் நான். ரேடியோவில் நேரத்தைப் பத்து செகண்ட் கணக்கில்தான் விற்போம், பெயர்க்காரணம் அதுதான். முதலில் வதந்தி: ஆர்ஜே இல்லாமல் பாட்டு மட்டும் ஓடினால் ஸ்டேஷன் மாறப்போகிறது என்று அர்த்தமில்லை. சம்பளம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றும் இருக்கலாம், மும்பையில் பதிவு செய்த நிகழ்ச்சியை இங்கே ஓட்டத் தயாராகிறார்கள் என்றும் இருக்கலாம். மாறினால் கன்னடம், இல்லாவிட்டால் கன்னடமும் ஹிந்தியும் கலந்து. தமிழுக்கு வாய்ப்பே இல்லை. காரணம் பயம் கியம் எல்லாம் இல்லை, கணக்கு. நகைக்கடைக்காரர் காசு கொடுக்கும்போது உங்கள் தாய்மொழியைக் கேட்பதில்லை, கடைக்கு வருவீர்களா என்றுதான் கேட்பார். ஜெராக்ஸ் கடையில் தமிழரான நீங்கள் ஏற்கெனவே ஹிந்தி ஸ்டேஷன் கேட்கிறீர்கள், அவருக்கு நீங்கள் கிடைத்துவிட்டீர்கள். உங்களைப் பிடிக்கத் தனியாகத் தமிழில் ஒரு ஸ்டேஷன் எதற்கு?

மல்லேஸ்வரம் மகள்:
என் தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், இரண்டுமே எனக்குச் சொந்தம். உல்சூர்க்காரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், சென்னையில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனை பேர்? அங்கே ஒரு தனியார் தெலுங்கு எஃப்எம் கேட்டிருக்கிறீர்களா? அங்கே கேட்காத நியாயத்தை இங்கே வந்து கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, 2001 ஜூலை 3-ஆம் தேதி நாட்டிலேயே முதல் தனியார் எஃப்எம்மாக ரேடியோ சிட்டி 91.1 தொடங்கியது இந்த ஊரில்தான். அப்போது கல்லூரியில் இருந்தேன். பஸ்ஸில் பையன்கள் எல்லாம் காதில் ஒயரோடு இருப்பார்கள். ஹிந்தி வரும், ஆங்கிலம் வரும், கன்னடப் பாட்டு எப்போதாவது தலைகாட்டும். சொந்த ஊரில் சொந்த மொழி விருந்தாளி மாதிரி வந்து போனதைப் பார்த்தவள் நான். 98.3, 92.7, 93.5 ஸ்டேஷன்கள் எல்லாம் இன்று கன்னடம் பேசுகிறது என்றால் அது தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கியது.

பத்து செகண்ட்:
கேட்டு வாங்கியதும் உண்டு, மறுக்கவில்லை மேடம். ஆனால் பாதிக் கதை உரிமக் கட்டணத்தில் இருக்கிறது. தனியாருக்கு எஃப்எம் உரிமம் கொடுத்த முதல் கட்டத்தில், ஏலத்தில் எடுத்த தொகையை வருஷாவருஷம் 15 சதவீதம் ஏற்றிக் கட்ட வேண்டும், விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும். அந்த நெருக்கடியில் எவனும் எம்.ஜி. ரோடு பக்கம் கார் வைத்துக்கொண்டு ஹிந்தி, ஆங்கிலம் கேட்பவனைத்தான் தேடுவான். 2005-இல் அதை மாற்றி, ஏலத்தில் ஒரு தொகை, அப்புறம் வருமானத்தில் 4 சதவீதம் என்று ஆக்கினார்கள். ஸ்டேஷன்கள் பெருகின. பெருகினபோதுதான் ராஜாஜி நகர் மளிகைக்கடையும் விஜயநகர் சேலைக்கடையும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அவர்கள் கேட்டது கன்னடம். நானே எத்தனை கடைப்படி ஏறியிருப்பேன், "சார், விளம்பரம் ஹிந்தியில் வருமா, அப்படியென்றால் வேண்டாம்" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

ஒயிட்ஃபீல்ட் வாடகைவாசி:
மதுரையிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு உண்மையைச் சொல்லட்டுமா, எங்கள் ஆபீஸில் ரேடியோ கேட்கிறவர்கள் யாரும் இல்லை. கேப் டிரைவர் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் போன்தான். தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால் ஒரு தட்டில் வந்துவிடுகிறது. செத்த பாம்பை ஏன் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

உல்சூர்க்காரன்:
தம்பி, போனில் பாட்டு வரும், ஊர் வராது. ஆசை உங்கள் ஆபீஸுக்கு இல்லை, என் கடைக்கு வரும் ஆட்களுக்கு. மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கம் வந்து பாருங்கள், இஸ்திரி போடுகிறவரிடமும் பூக்கட்டுகிற அம்மாவிடமும் ரேடியோ உண்டு. எங்கள் அப்பா ராத்திரியானால் மீடியம் வேவில் 720-ஐத் திருகிச் சென்னையைப் பிடிப்பார். பகலில் வராது, இருட்டினால்தான் வரும், அதுவும் அலை மாதிரி ஏறி இறங்கும். செய்தி வாசிக்கும்போது சரியாக முக்கியமான இடத்தில் குரல் அமுங்கிப்போகும், அப்பா பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திருப்புவார், அம்மா திட்டுவாள். எஃப்எம் வந்ததும் சத்தம் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிட்டது, தமிழ் மட்டும் போய்விட்டது. எஃப்எம் கண்ணுக்கெட்டிய தூரம்தான் போகும், சென்னை எங்கே, நாம் எங்கே!

மைசூர் ரோடு மணி:
எல்லோரும் கணக்கு, கட்டணம் என்று சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பயம் இல்லை என்று பத்து செகண்ட் சார் எப்படி அடித்துச் சொல்கிறார் என்று புரியவில்லை. 1994 அக்டோபரில் தூர்தர்ஷனில் சாயங்காலம் பத்து நிமிஷம் உருதுச் செய்தி போட்டார்கள். அதற்கே கலவரம் வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். உல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக்கிடந்து 2009-இல்தான் வெளிச்சம் பார்த்தது. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறில் தமிழ்நாட்டுப் பஸ்களை எரித்தபோது எங்கள் தெருவில் கேபிள்காரர் தமிழ்ச் சேனல்களை நிறுத்திவிட்டார், யாரும் அவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை, தானே நிறுத்தினார். ஸ்டேஷன் நடத்துகிறவன் அந்தக் கேபிள்காரரை விடத் தைரியசாலியா? உரிமத்தில் தமிழில் பேசக் கூடாது என்று நிபந்தனை கிடையாது. ஆனாலும் ஒருவனும் தொடவில்லையே.

மல்லேஸ்வரம் மகள்:
மணி, நீங்கள் சொன்ன மூன்றும் நடந்தது, எங்கள் வீட்டிலும் 1991 காவிரிக் கலவரத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். ஆனால் அதே ஊரில் புதுத் தமிழ்ப்படம் வந்தால் தியேட்டர் நிரம்புகிறது, பாதிப்பேர் கன்னடக்காரர்கள். கன்னட ஸ்டேஷனில் தமிழ்ப் பாட்டின் மெட்டு கன்னட வரிகளோடு வரும்போது எந்தத் தமிழரும் அணைத்துவிட்டுப் போவதில்லை. தனி ஸ்டேஷன் கேட்டால்தான் சண்டை. கலந்து வந்தால் சண்டையே இல்லை.

மைசூர் ரோடு மணி:
கலந்து வந்தால் என்றால் என்ன? பாட்டு எங்களுடையது, பேச்சு அவர்களுடையது. அதைத்தானே சொல்கிறீர்கள்?

மல்லேஸ்வரம் மகள்:
பேச்சு இந்த ஊருடையது. கன்னடத்தில் டிராஃபிக் சொன்னால் உங்களுக்குப் புரியாதா?

மைசூர் ரோடு மணி:
புரியும். புரிவதும் வேண்டும் என்பதும் ஒன்றா?

பத்து செகண்ட்:
மணி சார் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். ஒரு தடவை ஓசூர் ஜவுளிக்கடை ஒன்று தமிழில் விளம்பரம் தர வந்தது. பெங்களூர் எஃப்எம் ஓசூர் வரை கேட்கும், அத்திப்பள்ளி தாண்டினால் அது தமிழ்நாடு. மேலே கேட்டேன், "காவிரி நேரம், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் கடைசிவரை வரவில்லை. ஆனால் நான் சொன்ன கணக்கும் பொய்யில்லை. 2007-இல் நேயர் எண்ணிக்கை எடுக்க டைரி முறை கொண்டுவந்தபோது டெல்லி, மும்பையோடு நம் ஊரையும் சேர்த்தார்கள், சென்னையைச் சேர்க்கவில்லை. எந்த ஸ்டேஷனை எப்போது கேட்டீர்கள் என்று வீட்டுக்காரர் கையால் எழுத வேண்டியிருந்தது. இல்லாத தமிழ் ஸ்டேஷனை எவர் எழுதுவார்? எழுதாததால் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லாததால் ஸ்டேஷன் இல்லை.

ஒயிட்ஃபீல்ட் வாடகைவாசி:
அப்படியென்றால் இரண்டாவது அலைவரிசை? 2015 ஏலத்துக்குப் பிறகு ஒரே கம்பெனி ஒரே ஊரில் ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே. ஒன்று கன்னடம், இன்னொன்றில் வேறு ஏதாவது என்று சோதிக்கலாமே.

பத்து செகண்ட்:
சோதிக்கக் காசு யார் தருவது தம்பி? நீங்கள்தான் ரேடியோவே கேட்பதில்லையே. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லவும் கூடாது, ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே போடலாம், அவ்வளவுதான். பாட்டு, சிரிப்பு, டிராஃபிக், இதில் என்ன புதுசாகச் சோதிப்பது?

உல்சூர்க்காரன்:
இன்று காலை சரியாக ஏழுக்கு ஆன் செய்தேன். அந்தப் பெண் வரவில்லை. ஐந்து ஹிந்திப் பாட்டு, அப்புறம் விளம்பர இடைவேளை, மூன்று விளம்பரம். மூன்றும் கன்னடத்தில். கடையில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நின்ற பெரியவர் "ஸ்டேஷனை மாத்திட்டியாப்பா?" என்று கேட்டார்.