டர்பன் மாநகரக் காவலைத் தேசியக் காவல்துறையோடு இணைக்க வேண்டுமா?

சாட்ஸ்வொர்த்காரன்:
மாநகரக் காவல் படைகளைத் தேசியக் காவல் ஆணையரின் அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் அன்று ஆளுங்கட்சியாக இருந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 2007இல் போலோக்வானே மாநாட்டில் தீர்மானித்தது. அதன் பிறகு பேச்சு எழுவதும் அடங்குவதுமாகவே இருக்கிறது. இணைத்தே தீர வேண்டும் என்பது என் கருத்து. போக்குவரத்து, மாநகர விதிகள், குற்றத்தடுப்பு ஆகியவையே சட்டம் மாநகரக் காவலருக்குத் தந்திருக்கும் பணிகள். ஒருவரைக் கைது செய்தாலும் தேசியக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். புலனாய்வு அவர் கையில் இல்லை. ஒரே தெருவில் ரோந்து போகும் இரண்டு படைகளுக்கு இரண்டு தலைமைகள் எதற்கு? 1995இல் பழைய தென்னாப்பிரிக்கக் காவல்துறையையும் நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய பத்துத் 'தாயகங்களின்' படைகளையும் சேர்த்து, 11 படைகளை ஒன்றாக்கிய நாடு இது. அதுவரை இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் ஒரு படை, பக்கத்து ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியில் குவாசூலு காவல் என்ற இன்னொரு படை. அந்தப் பிரிவினைக் கோடு முழுவதையும் அழிக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா?

பீனிக்ஸ்வாசி:
ஐயா, 1995 இணைப்பில் பாதியைத்தான் சொன்னீர்கள். அதே ஆண்டின் தென்னாப்பிரிக்கக் காவல்துறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, காவல் நிலையந்தோறும் சமூகக் காவல் மன்றம் அமைக்க வேண்டும் என்றது. மக்களை அடக்குவதற்கே இருந்த படை, மக்களைக் கேட்டு நடக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம். ஆனால் மன்றம் கேட்கலாம், சொல்லலாம், ஆணையிட முடியாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல அதையும் வைத்துக்கொண்டோம். நான் முன்பு குடியிருந்த இடத்தில் மன்றக் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைப்பார்கள். ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் போவோம். தேநீர் நன்றாக இருக்கும். மாநகரக் காவலின் நிலை வேறு. அதற்கு நகர மன்றம் கண்காணிப்புக் குழு அமைத்தாக வேண்டும். அந்த நகர மன்றத்தின் உறுப்பினரை என் வட்டத்திலேயே வாக்களித்து இறக்க முடியும். இணைத்துவிட்டால் என் கேள்வி தேசியக் காவல் தலைமையகம் இருக்கும் பிரிட்டோரியாவுக்குப் போக வேண்டும். ஒரே தலைமை வந்தால் நீதி தானாக வரும் என்பதும் தவறு. காவல்துறை சரியாகச் செயல்படவில்லை என்று கேப் டவுனின் கைலிட்ஷா குடியிருப்பு மக்கள் செய்த முறையீட்டை விசாரிக்க 2012இல் மேற்குக் கேப் மாகாண அரசு ஆணையம் அமைத்தபோது, தேசியக் காவல் அமைச்சர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று தடுக்கப் பார்த்தார், 2013இல் தோற்றார். காவலர்களைப் பங்கிடும் முறை ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் பாதகமாக இருக்கிறது என்று ஆணையம் 2014இல் கண்டது. அந்தப் பங்கீட்டைச் செய்தது ஒரே தலைமைதான்.

டோங்காட் ஆசிரியர்:
'உள்ளூர் மக்கள்' யார் என்பது தெரிந்த செய்தி போலவே இருவரும் பேசுகிறீர்கள். மன்றத்தின் எல்லை காவல் நிலையத்தின் எல்லை. நம் பக்கத்தில் அந்த எல்லை, நிறவெறிக் காலத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டம் நம் தாத்தாக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய எல்லையைப் பெரும்பாலும் ஒட்டியே போகிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள். காவலர் வராத சாலைகளில் தடுப்பு போட்டு நின்றவர்களும் தங்களைச் 'சமூகம்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பக்கத்து ஆப்பிரிக்கர் குடியிருப்புகளான பாம்பாயியையும் குவாமாஷுவையும் கேட்காமல் பீனிக்ஸை மட்டும் கேட்பது ஆலோசனை ஆகாது, அக்கா. 1995இல் சீருடையை ஒன்றாக்கினார்கள். கேட்கும் இடத்தை ஒன்றாக்கவில்லை.

பீனிக்ஸ்வாசி:
அந்த ஜூலையில் எங்கள் தெருமுனையிலும் தடுப்பு இருந்தது. அதைப் பற்றி இன்னும் முழுதாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொன்னதை மறுக்கவும் மாட்டேன். ஆயினும் அதற்கு மருந்து படைகளை இணைப்பதன்று. நிலைய மன்றங்களுக்கு மேலே, பல மன்றங்களின் பிரதிநிதிகள் கூடும் பகுதி வாரியத்தை அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு அன்றே வகுத்திருக்கிறது. பீனிக்ஸ், அதன் பக்கத்து இனாண்டா, குவாமாஷு மூன்றும் அங்கே ஒன்றாக உட்காரலாம். அதற்கு எந்தப் படையையும் கலைக்க வேண்டியதில்லை.

சாட்ஸ்வொர்த்காரன்:
ஆசிரியர் சொன்னது என்னைக் குத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1995இல் கோடு அழிந்தது என்று நான் எழுதியது அவசரம். ஆனால் அக்கா சொல்லும் வாரியத்தில் மாநகரக் காவலின் அதிகாரி உட்காரக் கடமைப்பட்டவரா? அழைத்தால் வரலாம் என்பது போதாது. ரோந்து வண்டிகள் எங்கே நிற்கின்றன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அவரிடம்தானே இருக்கிறது? ஆகவே இணைப்பு வேண்டும் என்பதிலிருந்து நான் நகரவில்லை. அதற்கு முன் உம்லாசியும் சாட்ஸ்வொர்த்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தப் படை எதற்குப் பொறுப்பு என்று தங்கள் வாயால் சொல்லட்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன். காலை பத்து மணிக்கு வேண்டாம். கடையை அடைத்துவிட்டு நானும் வருகிறேன்.