சென்னையிலிருந்து விட்டமின் மாத்திரை தருவித்துக் கடையில் விற்கலாமா?

சிப்புட் மளிகைக்காரி

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். தைப்பூசத்துக்குச் சென்னையிலிருந்து வந்த தம்பி, அம்மாவுக்கு இரண்டு டப்பா கால்சியம், விட்டமின் டி மாத்திரை கொண்டுவந்தான். அம்மா அதில் பத்து மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தார். அதிலிருந்து செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும் அக்காமார் எல்லோரும் "முட்டி வலிக்கு உன் தம்பி மாத்திரை இருக்கா?" என்று கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

200 டப்பா இறக்கலாம் என்று யோசனை. பார்சல் ஏஜெண்ட், "உணவுப் பொருள் என்று எழுதிவிடலாம், ஒன்றும் ஆகாது" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முறைப்படி என்னென்ன பேப்பர் வேண்டும்?

பேப்பர் வேலை அக்கா

தங்கச்சி, மனசு ஒப்பாதது நல்லதுதான். நானும் சிப்புட் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். பெட்டாலிங் ஜெயாவில் மருந்து இறக்குமதி செய்யும் கம்பெனியில் பதிவு வேலையை 19 வருடம் பார்த்தேன்.

மாத்திரை, கேப்சூல் வடிவில் வரும் விட்டமினை இங்கே உணவாகப் பார்க்க மாட்டார்கள். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி அது பதிவு பெற வேண்டிய பொருள். சத்துமாவு, பானப் பொடி போன்றவை 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்துக்குள் வரலாம். சந்தேகம் என்றால் இது எந்த வகை என்று, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.விடம் எழுதிக் கேட்க வழி உண்டு. ஏஜெண்ட் எழுதுவதை வைத்து அது முடிவாகாது.

பதிவுக்கு எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிந்த உள்ளூர் நிறுவனம் வேண்டும். விண்ணப்பம் என்.பி.ஆர்.ஏ.வின் குவெஸ்ட் 3 பிளஸ் என்ற இணைய முறை வழியாகப் போகும். அதற்குத் தயாரிப்பாளரின் அனுமதிக் கடிதம், தொழிற்சாலை முறைப்படி தயாரிக்கிறது என்ற ஜி.எம்.பி. சான்றிதழ், அந்த நாட்டில் அது தடையின்றி விற்கப்படுகிறது என்ற சான்று, ஆய்வறிக்கை எல்லாம் கேட்பார்கள். பலர் மாட்டிக்கொள்வது அடுத்த பேப்பரில்தான். 30 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்து, காலாவதி வரை மாத்திரை கெடவில்லை என்று காட்ட வேண்டும். தகரக் கூரைக் கடையில் மத்தியானம் எப்படி வேகும் என்று உனக்கே தெரியும். அதனால் அந்தப் பேப்பரை வீண் தொல்லை என்று நான் நினைத்ததே இல்லை.

பதிவு கிடைத்தால் 5 வருடம் செல்லும். இறக்குமதி உரிமம் தனியாக வாங்க வேண்டும். 200 டப்பாவுக்கு இது கட்டுப்படியாகாது, தங்கச்சி.

தம்பி அம்மாவுக்குக் கொண்டுவந்தது வேறு கதை. சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை பதிவில்லாமல் கொண்டுவரலாம். விற்கக் கூடாது.

சந்தைக் கடை அண்ணன்

நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சப்ளையர் 60 டப்பா மல்டிவிட்டமின் கொடுத்தார். டப்பாவில் மால் (MAL) நம்பர், அதாவது மருந்துப் பதிவு எண், இருந்தது, நானும் நம்பினேன். அமலாக்க அதிகாரிகள் வந்து, என் கண் முன்னாலேயே அந்த நம்பரைப் போனில் தட்டிக் காட்டினார்கள். வந்தது ஒரு இருமல் மருந்தின் பெயர்! 60 டப்பாவும் போனது. சப்ளையர் அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை. மருந்து விற்பனைச் சட்டப்படி தனி ஆளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 3 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

பேப்பர் வேலை அக்கா

அண்ணன் சொன்னதை எல்லாக் கடைக்காரரும் படிக்க வேண்டும். மாலுக்குப் பின்னால் 8 இலக்கம், அப்புறம் ஒரு எழுத்து. சப்ளிமென்டுக்கு 'என்' (N), பாரம்பரிய மருந்துக்கு 'டி' (T). நம்பர் இருந்தால் மட்டும் போதாது. என்.பி.ஆர்.ஏ. தளத்தில் தட்டி, பொருளின் பெயரும் பதிவுதாரரின் பெயரும் டப்பாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் பாருங்கள்.

சிப்புட் மளிகைக்காரி

அப்படியானால் இங்கேயே பதிவான பொருளை வாங்கி விற்க எனக்கு லைசென்ஸ் வேண்டுமா? இன்னொன்று, வாட்ஸ்அப் குரூப்பில் "சர்க்கரை குறையும்" என்று போட ஒரு படம் செய்து வைத்திருக்கிறேன். மாட்டு ஜெலட்டின் இருக்குமோ என்றும் சிலர் கேட்கிறார்கள்.

பேப்பர் வேலை அக்கா

அந்தப் படத்தை இப்போதே அழித்துவிடு. நீரிழிவு, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று 20 நோய்களுக்கு மருந்து விளம்பரமே கூடாது என்று 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் சொல்கிறது. உன் படத்தை நம்பி ஒரு அக்கா மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வாய்? மற்ற விளம்பரத்துக்கும் முதலில் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் வாங்க வேண்டும்.

பதிவான சாதாரண விட்டமினைச் சில்லறையாக விற்க மருந்து லைசென்ஸ் தேவையில்லை. பதிவுதாரரிடமோ அவருடைய விநியோகஸ்தரிடமோ பில்லோடு வாங்கு, பில்லைப் பத்திரமாக வை. ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த வரியையே எடுத்துக் காட்டு.

சிப்புட் மளிகைக்காரி

படத்தை அழித்துவிட்டேன். தம்பியிடமும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஈப்போ விநியோகஸ்தர் ஒருவரிடம் 12 டப்பா மட்டும் கேட்டிருக்கிறேன், நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு முட்டி வீங்கியே இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவரை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன், கடையை அம்மா பார்த்துக்கொள்வார்.